கிழக்குப் பாதி

விடிவதற்கு முன்பே மண்டபத்தின் இரும்புக் கதவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே கால் வைத்ததும் சிமெண்டின் ஈர வாடை முகத்தில் அடிக்கும். அதற்குப் பின்னாலேயே ரப்பர் வாடை வரும். வில்லைக்காரி செருப்பை வாசலோரம் கழற்றிவிட்டு, இரண்டு முட்டியிலும் கிழிந்த போர்வைத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தரையில் மண்டி போடுவாள். முதல் அரைமணி நேரம் எலும்புக்குள் குளிர் ஊசி குத்தும். அப்புறம் மரத்துப்போகும். மரத்துப்போன பிறகுதான் வேலை ஓடும்.

அது உள்விளையாட்டு மண்டபம். பந்து விளையாடுகிறவர்கள் ஓடிக் குதித்து விழுகிற தரை. பார்க்கிறவனுக்குப் பளபளக்கும் மரம்தான் தெரியும். அடியில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகையைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் அடிக்கு ஒன்றாகக் கட்டை விரல் உயரத்துக்கு ரப்பர் வில்லைகளை வைத்து, துப்பாக்கி போன்ற கருவியால் பின் அடிப்பது அவள் வேலை. பலகைக்கு முப்பத்திரண்டு வில்லை. அடித்து முடித்ததும் இரண்டு பேர் பலகையைத் தூக்கிப் புரட்டி, சிமெண்ட் தளத்தின் மேல் விரித்த பிளாஸ்டிக் தாளில் படுக்க வைப்பார்கள். அதற்கு மேல் குறுக்குவாட்டில் இன்னொரு பலகை, அதுதான் மேல்பலகை; அதற்கும் மேல் மெருகேற்றிய மரம். குதிக்கிறவனின் பாரத்தை வில்லை வாங்கிக்கொண்டு மெல்ல அமுங்கும். பிறகு அவனையே மேலே தள்ளிவிடும். அவன் முட்டி பிழைத்துக்கொள்ளும்.

"ஊரான் முட்டியைக் காப்பாத்த நம்ம முட்டியை அடமானம் வச்சிருக்கோம்" என்பான் ஆணிக்காரன். பலகைகளை ஒன்றோடொன்று ஆணியடித்துப் பிணைப்பவன். கையைவிட வாய்தான் வேகம்.

அவள் புருஷனுக்கு அந்தக் கூட்டத்தில் ரசமட்டம் என்று பெயர். தளத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவதும், மேடு பள்ளம் பார்ப்பதும் அவர் பொறுப்பு. வீட்டில் சாப்பாட்டுத் தட்டு லேசாக ஆடினாலும் அடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிட்டுத்தான் கை வைப்பார். "தட்டுக்கே இந்தக் கவனம். என்னைக் கட்டினப்ப மட்டம் பார்க்க மறந்துட்டீங்களே" என்று அவள் கேலி பேசுவாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மேற்குப் பாதி முடிந்த அன்று காலையில் முதலாளி வந்தார். திறப்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ரசமட்டம் மூலையில் கிடந்த மூட்டைகளைக் காட்டினார்.

"சார், கிழக்குப் பாதிக்கு வில்லை பத்தாது. இருக்கறது பாதிக்குத்தான் வரும்."

"மிச்சம் துறைமுகத்துல நிக்குது."

"வரட்டும் சார். அதுவரைக்கும் ஓர வேலையைப் பார்க்கிறோம்."

"நீ நிப்ப, கப்பல் நிக்கும். தேதி நிக்குமா? பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் கொடுத்தாச்சு." முதலாளி மூட்டையை ஷூ முனையால் தள்ளினார். "ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வை. ரெண்டடிக்கு ஒண்ணு."

"இன்ஜினியர் கொடுத்த படத்துல அடிக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"படம் போடறவன் பயந்துக்கிட்டுத்தான் போடுவான். நான் இதுவரைக்கும் எத்தனை தரை போட்டிருக்கேன் தெரியுமா?"

"நீங்க எங்க சார் போட்டீங்க? நாங்கல்ல போட்டோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "வெளியில ஆள் நிக்குதுப்பா. ரெண்டடிக்குக் கோடு போடத் தெரிஞ்ச ஆள். கூப்பிடவா?"

சிரிப்பு அப்படியே அடங்கியது. ஒன்பது பேருக்கும் வேறு வேலை கைவசம் இல்லை. ரசமட்டம் சிறிது நேரம் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து கோடு போட்டார்.

வில்லைக்காரி வைத்தாள். பலகைக்குப் பதினாறு. புரட்டிப் படுக்க வைத்த பிறகு, நடுவில் விட்ட இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தபோது பலகை உள்வாங்கியது தெரிந்தது. புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டாவது பலகை மேல வந்துட்டா தாங்கிரும்ல?" என்று கேட்டாள்.

"தாங்கும்" என்றார். அவர் குரலே அதை நம்பவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நாலாம் நாள் விளக்கு மாட்டுகிறவர்கள் வந்தார்கள். உச்சிக் கூரையை எட்ட, சக்கரம் வைத்த இரும்புச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்று ஆள் உயரம். அதன் தலையில் ஏறி உட்காருகிறவனுக்குப் பாட்டுக்காரன் என்று பெயர்; மேலே போய்விட்டால் பாடாமல் அவனுக்கு வேலை ஓடாது. விளக்கு வேலைக்குத் தலைவரான ஒயர் அண்ணனின் அக்கா மகன். கீழே பின் அடிக்கும் சத்தத்துக்கு மேலே அவன் தாளம் போடுவான். "அக்கா, ஒரு அடி தப்பா விழுது, சரியா அடிங்க" என்று குரல் கொடுப்பான். அவள் வேண்டுமென்றே தப்பாக அடிப்பாள்.

மேற்குப் பாதியில் சாரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. கிழக்குப் பக்கம் திருப்பியபோது ரசமட்டம் குறுக்கே வந்து நின்றார்.

"இங்க ஒத்தைப் பலகைதான் கிடக்கு. மேல் பலகை போட ரெண்டு நாள் கொடுங்க. இல்லேன்னா சக்கரத்துக்கு அடியில கனத்த பலகையாவது போடுங்க."

விளக்குக்காரர்கள் முதலாளியைப் பார்த்தார்கள். "இன்னைக்கு லைட் எரியணும்" என்றார் முதலாளி. "ஒவ்வொரு தடவையும் பலகை மாத்திக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும். ஆளையும் ஏத்தி இறக்காதீங்க. மேலயே இருக்கட்டும், தள்ளுங்க."

தள்ளினார்கள். ஏழெட்டு அடி போயிருக்கும். காய்ந்த கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். முன்சக்கரம் பலகையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. சாரம் ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பிறகு சாய்ந்தது. பாட்டு பாதியில் அறுந்தது. ரசமட்டம் ஓடிப்போய் இரும்பைத் தோள் கொடுத்துத் தாங்கப் பார்த்தார். அது அவரையும் தள்ளிவிட்டு விழுந்தது.

அவர் தோள் கிழிந்ததோடு தப்பினார். பாட்டுக்காரன் தலை, விளிம்பில் பலகை போடாத வெறும் சிமெண்டில் மோதியது. வில்லைக்காரி ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வண்டி வரும்வரை அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம்தான் வரவில்லை. மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

அன்று சாயங்காலமே போலீஸ் வந்து ரசமட்டத்தை அழைத்துப் போனது. கட்டுப் போட்ட தோளோடு ஜீப்பில் ஏறினார். மண்டபத்தின் முன்னறையில் முதலாளி எட்டுப் பேரையும் வரிசையாகக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள் இருந்தது.

வில்லைக்காரி அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மட்டம் பார்ப்பவர் படத்தில் குறித்தபடி வைக்காமல் தம் சொந்த முடிவில் இடைவெளியை மாற்றினார்; முதலாளிக்கு அது தெரியாது; வேலையாட்களாகிய நாங்கள் இதற்குச் சாட்சி.

"இது பொய்யி" என்றாள்.

"இந்தா பாரு, வில்லைக்காரி. வில்லி வேஷம் கட்டாத." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "தவறுதலா நடந்துருச்சுன்னு போனா சின்ன கேஸு. நானே வக்கீல் வைக்கிறேன். உன் புருஷன் சீக்கிரமே வெளியில வந்துருவாரு. இல்ல, சார் சொன்னாரு, மோர் சொன்னாருன்னு இழுத்தீங்கன்னா, வில்லை வச்ச கை யாரோடதுன்னு கேட்பாங்க. உன் பொண்ணுக்கு யாரு இருக்கா, சொல்லு."

பேனா கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது.

"அந்த லைட்டுக்காரங்க வேற கொதிச்சுப் போயிருக்காங்க" என்று முதலாளி தொடர்ந்தார். "தரை போட்டவன் கையை ஒடைக்கணும்னு நிக்கறாங்க. நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். நாளன்னைக்கு மேல்பலகை லாரி வருது. வந்ததும் கிழக்குப் பக்கத்தை மூடணும். அதுக்குள்ள கையெழுத்து வேணும்."

ஆணிக்காரன் போட்டான். வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பேச்சு அன்று வரவில்லை; தாளைப் பார்க்காமல், பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டு போட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் போட்டான். மற்ற ஆறு பேரும் "நாளைக்குச் சொல்றோம் சார்" என்று மென்று விழுங்கினார்கள்.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ரசமட்டம் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரே நாளில் உள்ளே போயிருந்தது.

"தோள் வலிக்குதா?"

"அது கிடக்கட்டும். பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. அப்பா எப்ப வருவாருன்னு கேக்கறா." தாளைப் பற்றிச் சொன்னாள்.

"போட்டுரவாங்க? நீங்க வெளியில வந்தாப் போதும் எனக்கு."

"போடாத." கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கோடு போட்டது நான். அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நானா போட்டேன்னு சொன்னா, அந்தப் பையன் மாதிரி ஒருத்தனை நாளைக்கு இன்னொரு மண்டபத்துல இன்னொருத்தன் கொல்லுவான். கேஸு எப்படியாவது போகட்டும். அந்தக் கிழக்குப் பாதியை மூட விடாத. மூடிட்டாங்கன்னா நம்ம வாயையும் சேர்த்து மூடின மாதிரிதான்."

வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலையாட்கள் யாரையும் தேடவில்லை. நேராகப் பாட்டுக்காரன் வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் இரண்டு தடவை நின்றாள். மூன்றாவது தடவை நின்றால் திரும்பிவிடுவோம் என்று தோன்றியதால் வேகமாக நடந்தாள்.

சந்தின் முனையிலேயே விளக்குக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒயர் அண்ணன் முன்னால் வந்தார். நரைத்த மீசை, கையில் பழைய தீக்காயத் தழும்பு. மூன்று நாளாக மழிக்காத முகம்.

"உன் புருஷனைக் காப்பாத்த வந்தியா?"

"அதுக்கும்தாண்ணே."

"வாயி நீளுதா? பச்சைப் புள்ளைய மண்ணுல போட்டுட்டு வந்து நிக்கறோம். தரையா போட்டீங்க நீங்க? பொறி வச்சிருக்கீங்க!"

"ஆமாண்ணே" என்றாள் அவள். "பொறிதான் வச்சோம். நான்தான் வச்சேன். என் கையால."

யாரோ பாய்ந்து வந்தார்கள். ஒயர் அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வில்லை பற்றாமல் போனது, கப்பல், தேதி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. கட்டை விரலால் அழுத்தியபோது பலகை உள்வாங்கியது. அதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

வாசலில் பாட்டுக்காரனின் அம்மா நின்றுகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அந்த அம்மாள் படியிறங்கி மெதுவாக வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்றாள்.

"தாங்காதுன்னு தெரிஞ்சுதான் வச்சியா?"

"தெரிஞ்சுதாம்மா வச்சேன். வேலை போயிரும்னு வச்சேன்."

அந்த அம்மாள் அடிக்கவில்லை, அழவும் இல்லை.

"உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரலை" என்றாள். "வரும்னும் தோணலை. ஆனா என் புள்ளை செத்ததுலேர்ந்து உண்மை பேசின வாயி உன் ஒரு வாய்தான். என்கிட்ட சொன்னதை எல்லார் முன்னாடியும் சொல்லு." தம்பி ஒயர் அண்ணனின் பக்கம் திரும்பினாள். "நீ போய்ப் பாரு. இவ சொல்றது நெசமான்னு உன் கண்ணால பார்த்துட்டு வா."

மறுநாள் விடிகிற நேரத்தில் விளக்குக்காரர்கள் மண்டபத்துக்குள் வந்தார்கள். தரை போடுகிறவர்கள் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். சிலர் கை தன்னால் சுத்தியலைத் தேடியது. ஒயர் அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினார். மேற்குக் கோடியிலிருந்து வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். குதிகாலை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு அடியாக. தரை அவர் பாரத்தை வாங்கி வாங்கி எழுப்பிவிட்டது. நடு மண்டபத்தைத் தாண்டியதும் அவர் கால் தயங்கியது. இன்னும் நாலு எட்டு வைத்தார். பலகை தொய்ந்து முனகியது.

"தூக்குங்கடா" என்றார்.

கிழக்குப் பாதியில் ஒரு பலகையைப் பெயர்த்துப் புரட்டினார்கள். ஒயர் அண்ணன் தம் சொந்த அளவு நாடாவை எடுத்து அளந்தார். பிறகு மேற்கே மேல்பலகையை அகற்றி, அடியில் ஒன்றைப் புரட்டச் சொல்லி எண்ணினார். வாய்விட்டு எண்ணினார். முப்பத்திரண்டு வந்ததும் எழுந்து நின்றார்.

"தானா அளவை மாத்தினவன் மேற்குப் பாதியை மட்டும் எப்படிய்யா சரியாப் போட்டான்?"

பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நாங்களும் சும்மா இல்ல" என்றார் ஒயர் அண்ணன். "பலகை போடுங்கன்னு இந்தப் பொண்ணோட புருஷன் கத்துனப்ப, நான் மொதலாளி மூஞ்சியைத்தான் பார்த்தேன். ஆளை எறக்காம தள்ளுன்னு அவரு சொன்னாரு. தள்ளினது என் கை. என் அக்கா மகன் மேல இருக்கறப்ப."

வில்லைக்காரி சுவரோரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். பெரிய எழுத்து, கோணல் வரி. 'நாங்கள்தான் வைத்தோம். முதலாளி சொல்லி வைத்தோம். நாங்கள்தான் தள்ளினோம். முதலாளி சொல்லித் தள்ளினோம். அதிகாரிகள் வந்து அளந்து பார்க்கும்வரை இந்தத் தரையை மூட விட மாட்டோம்.' கீழே முதல் கையெழுத்தைப் போட்டாள். அடுத்தது ஒயர் அண்ணனுடையது. தாள் கைமாறிக்கொண்டே போயிற்று.

அதைச் செல்பேசியில் படம் பிடித்து, விளையாட்டுத் துறை அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் விளக்குக்காரர்களில் ஒருவன் அனுப்பினான். பதில் ஒன்றும் வரவில்லை. வாசலில் லாரியின் சத்தம்தான் கேட்டது.

முதலாளி காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தபோது, கிழக்குப் பாதியில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தரைக்காரன் எவன், விளக்குக்காரன் எவன் என்று பிரித்துப் பார்க்க அவர் கண் அலைந்தது.

"என்னப்பா, உன் மருமகனைக் கொன்னவங்களோட சேர்ந்து உட்கார்ந்திருக்க?" என்றார் ஒயர் அண்ணனிடம்.

"கொன்னவங்க எல்லாரும் இருக்கோம் சார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வாங்க, உட்காருங்க."

முதலாளியின் முகம் சிவந்தது. "அஞ்சு நிமிஷம் தர்றேன். எழுந்திரிக்காதவன் எவனும் இந்தத் தொழில்ல இனிமே எங்கயும் கை வைக்க முடியாது. போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க சார்" என்றாள் வில்லைக்காரி. "வர்றப்ப அளவு நாடா எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அவர் செல்பேசியோடு வெளியே போனார். உள்ளே யாரும் வெற்றி பெற்றது போலச் சிரிக்கவில்லை. போலீஸ் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தால் முதலில் யாரைத் தூக்கும் என்பதும் தெரியும். ரசமட்டம் இன்னும் கம்பிக்குள்தான் இருந்தார். அவளுக்கு மகளின் நினைப்பு வந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய் அழைத்துவரும்படி அடுத்த வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது.

லாரியில் வந்த சுமைக்காரர்கள் நாலு பேர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன விஷயம்?" என்று ஒருவர் கேட்டார். பெயர்த்து வைத்த பலகைகளைக் காட்டி ஒயர் அண்ணன் சொன்னார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் லாரியின் பின்கதவை ஏற்றிக் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நாலு பேரும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

ஆணிக்காரன் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். கடைசியில் அவனே வந்தான்.

"நான் அன்னைக்குப் போட்ட கையெழுத்தை எப்படிக்கா அழிக்கறது?"

"அழிக்க முடியாது. அவங்ககிட்டல்ல இருக்கு."

"அப்ப?"

அவள் தாளை நீட்டினாள். "இதுல போடு. முன்னாடி ஏன் அப்படிப் போட்டேன்னும் எழுதிப் போடு."

அவன் முட்டி போட்டுக் குனிந்து, வெகுநேரம் எழுதினான். எழுதி முடித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பலகை தொய்ந்து 'கிர்' என்றது. எல்லோரும் திடுக்கிட்டு அசையாமல் இருந்தார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பயத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு ஒரே மூலையில் குவிந்திருந்தார்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"இப்படிக் குவியாதீங்க, தாங்காது" என்றாள். "பரவி உட்காருங்க. ஒவ்வொரு பலகையிலயும் ஒருத்தர். சுவர் வரைக்கும்."

இருபத்தைந்து பேரும் எழுந்தார்கள். இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக, கிழக்குச் சுவரின் ஓரம் வரைக்கும் போய் உட்கார்ந்தார்கள். மேல்பலகை ஒன்றைக்கூட வைக்க இடம் இல்லாமல் அந்தப் பாதி நிறைந்தது. வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வில்லைக்காரி முட்டித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.